பட்டாளத்துச் சோறும் பரிசோதனைக் கோழிகளும்

ஆராய்ச்சிசாலை என்றதும் பூதக்கண்ணாடியும் குப்பிகளும் அவற்றின்மேல் குனிந்திருக்கும் விஞ்ஞானியும் நம் மனக்கண்ணில் தோன்றுவதேயன்றி, அங்கே கூண்டிலிருக்கும் வாயில்லா ஜீவன்களுக்கு வேளை தவறாமல் தீனியிட்டுத் தண்ணீர் வைத்துக் காத்துவரும் சிப்பந்தியின் உருவம் தோன்றுவதில்லை. அவருடைய சிரத்தையைப் பொறுத்தே விஞ்ஞானியின் முடிவு மெய்யோ பொய்யோ ஆகிறது என்பதற்கு, ஜாவாத் தீவில் நிகழ்ந்த ஒரு விருத்தாந்தமே போதிய சாட்சி.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில், பட்டேவியா நகரத்து ராணுவ ஆஸ்பத்திரியைச் சார்ந்த ஆராய்ச்சிசாலையில், கால்களைச் சோரச் செய்து இருதயத்தையும் தாக்கும் பெரிபெரி நோய்க்குரிய கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார் டச்சு வைத்தியர் ஐக்மன். அவருடைய கோழிகள் நோய் ஏற்றப்பட்டவை, ஏற்றப்படாதவை என்ற பேதமின்றிக் கால் தள்ளாடி விழுந்தன. சில மாதங்கள் சென்றதும் அந்நோய் தானாகவே மறைந்தது. விசாரித்தபோது, சிக்கனத்தை உத்தேசித்துச் சிப்பந்தி ஆஸ்பத்திரிச் சமையலறையிலிருந்து தீட்டிய அரிசிச் சோற்றை வாங்கிப் போட்டுவந்ததும், புதிதாக வந்த சமையற்காரர், பட்டாளத்துச் சோற்றைப் பட்டாளத்தைச் சேராத கோழிகளுக்குத் தருவதற்கில்லை என்று மறுத்துவிட்டதும் வெளிப்பட்டன. தவிட்டோடு கழிந்துபோகும் ஒரு சத்தின் குறைவே நோய்க்குக் காரணம் என்று, ஐக்மனுக்குப் பின் அதே ஆராய்ச்சியைத் தொடர்ந்த கிரைன்ஸ் 1901இல் எடுத்துக் கூறினார். ஐக்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. இத்தனைக்கும் வித்து, ஒரு கோழித்தொட்டியில் விழுந்த சோறு!

கினிப்பன்றி மனிதனைப் போலவே வைட்டமின் ஸியைத் தன் உடலில் உண்டாக்கிக்கொள்ள இயலாத பிராணியாதலால், அந்தச் சத்துள்ள தீனி சில வாரம் தவறினாலே அது நோயில் விழும். ஆராய்ச்சியாளர் அதை வேறேதோ மருந்தின் விளைவென்று மயங்கக்கூடும். ஆகாரம் மட்டுமா? வாலைப் பற்றித் தூக்கப்படும் சுண்டெலி, உள்ளங்கைகளைக் குவித்து ஏந்தப்படுவதைக் காட்டிலும் அதிகமாக அஞ்சுகிறது. அச்சம் கொண்ட பிராணியின் நாடித்துடிப்பும் ரத்தமும் மாறுபடுவதால், கருணையும் இங்கே சாஸ்திரத்தின் ஓர் அங்கமாகிறது. ரோமம் சிலிர்த்து, முதுகு கூனி, தீனியைத் தொடாமல் ஒரு மூலையில் ஒடுங்கும் எலியை முதலில் காண்பவரும் பட்டம் பெற்ற பண்டிதரல்லர். அன்றாடம் கூண்டைத் துப்புரவு செய்பவரே.

இப்பணியை நாடும் இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுண்டு: தீனியிலோ பிராணியின் நடையிலோ அணுவளவு மாறுதல் நேர்ந்தாலும், எவரும் கேட்காவிட்டாலும், அன்றைய தேதியிட்டு அதை ஏட்டில் எழுதி வையுங்கள்.