பலகையில் எழுதிய நோக்கம் களத்துக்கு வந்து சேரும் வழி

எந்த அலுவலகத்துக்குப் போனாலும் சுவரில் 'எங்கள் நோக்கம்' என்று ஒரு பலகை இருக்கும். அதை முழுசாகப் படித்தவர்கள் கை தூக்குங்க பார்ப்போம்! அப்படிப்பட்ட வாசகங்களை எழுதுவதுதான் என் வேலை. ஆனால், நெல்லைக் கொட்டி வைத்துவிட்டுத் தன் முறைக்காகக் காத்திருந்த ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, போர்டுல என்ன வேணா எழுதிக்குங்க. என் நெல்லு எப்ப ஏறும்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பேச்சு.

முதலில் மேட்டூரைப் பாருங்க. 1934 முதல் டெல்டாவுக்குத் தண்ணீர் தரும் அணை. வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. மேலே இருப்பவருக்கு அது ஒரே ஒரு தேதி. அதுவே நீர்வளத் துறைக்கு 'அதற்குள் வாய்க்கால் தூர்வாரி முடிக்கணும்' என்ற இலக்கு. வேளாண்மைத் துறைக்கு விதையும் உரமும். கூட்டுறவுச் சங்கத்துக்குப் பயிர்க்கடன். 2022-இல் மே 24-லேயே அணை திறந்தது. 2024-இல் தண்ணீர் போதாமல் ஜூலை 28-க்குத் தள்ளிப்போனது. மேலே தேதி நகர்ந்தால், கீழே ஒவ்வொருவர் கணக்கும் சேர்ந்து நகரணும்.

இப்போ நெல்லுக்கு வருவோம். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972-இல் தொடங்கப்பட்டது. விவசாயிக்கு நியாயமான விலை, குடும்ப அட்டைக்கு அரிசி: இதுதான் நோக்கம். இதில் எண்ணும் இல்லை, தேதியும் இல்லை. நோக்கம் அப்படித்தான் இருக்கும். அதற்கு அடுத்த படியில்தான் எண் வருகிறது. 2025-26 பருவத்துக்கு, மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து, குவிண்டாலுக்குச் சன்ன ரகம் 2,545 ரூபாய், பொது ரகம் 2,500 ரூபாய். அடுத்தது மண்டலம்: எந்த ஊரில் நிலையம் திறப்பது, எத்தனை சாக்கு, எத்தனை லாரி, எந்தக் கிடங்கு. கடைசியில் நேரடி நெல் கொள்முதல் நிலையம்: இன்றைக்கு எத்தனை மூட்டை, மூட்டைக்கு 40 கிலோ, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள்.

சரி, எங்கே இடிக்கிறது? வாங்குபவருக்கு 'வாங்கு' என்று மட்டும் இலக்கு, லாரிக்காரருக்கு 'நடை அடி' என்று மட்டும் இலக்கு என்று வையுங்க. இருவரும் தங்கள் கணக்கை முடித்துவிடலாம். ஆனாலும் நிலையத்தில் மூட்டை தேங்கும். அடுத்த விவசாயிக்கு இடமிருக்காது. தார்ப்பாய் போட்டுக் காத்திருப்பார். இரவில் மழை வரும். காலையில் ஈரப்பதம் ஏறியிருக்கும். யார் இலக்கும் தவறவில்லை. நெல் மட்டும் நனைந்துவிட்டது. அதனால் 'வாங்கிய மூட்டை இத்தனை நாளில் கிடங்கு சேரணும்' என்று இரண்டு படிகளையும் சேர்த்துக் கட்டும் ஓர் இலக்கு வேண்டும். அதற்குப் பொறுப்பானவர் ஒருவரும் வேண்டும்.

இதில் உங்களுக்கு என்ன பயன்? யாரிடம் கேட்பது என்று தெரிந்துவிடும். எடை, பட்டியல் பற்றிய கேள்வி என்றால் நிலையத்தின் பட்டியல் எழுத்தர். சாக்கு இல்லை, லாரி வரவில்லை என்றால் மண்டல மேலாளர் அலுவலகம். ஈரப்பத வரம்பை எழுத்தர் தளர்த்த முடியாது, அவரோடு சண்டை போட்டும் பயனில்லை; அது ஒன்றிய அரசின் விதி. பருவம் தவறிப் பெய்த மழைக்குப் பிறகு 2023 பிப்ரவரியில் மாநிலம் கேட்டு, 20 சதவீதம் வரை தளர்வு கிடைத்தது. எங்கும் பதில் இல்லை என்றால் 1100-க்கு அழைத்துப் புகார் பதியுங்க. புகார் எண்ணைக் குறித்து வையுங்க.

அடுத்த முறை அந்தப் பலகையைப் பார்த்தால் இரண்டு கேள்வி கேளுங்க: இதில் என் வேலை எந்தப் படியில் இருக்கு? எத்தனை நாளில் முடியும்? அந்தப் பெரியவர் கேட்டதும் அதைத்தான்.