நீரின் அமுக்கம்



கலைப்பட்டதாரியாகிய நான் பௌதிகவியல் பற்றிப் பேசப் புகுந்தமை சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். எமது பாடசாலையில் ஒரு தவணை முழுவதும் விஞ்ஞான ஆசிரியர் இருக்கவில்லை. ஆகவே, அதிபராகிய நானே அப்பாடத்தை எடுக்க நேர்ந்தது. ஆழம், அடர்த்தி, ஈர்ப்பினாலாகும் ஆர்முடுகல் ஆகிய மூன்றையும் பெருக்கினால் திரவ அமுக்கம் கிடைக்கும் எனக் கரும்பலகையில் எழுதினேன். மாணவர் அதனைப் பிழையின்றி ஒப்புவித்தனர்.

அப்போது பின் வாங்கிலிருந்த ஒருவன் எழுந்து, "ஐயா, எங்கள் கிணற்றிலும் 5 மீற்றர் தண்ணீர், குளத்துத் துருசடியிலும் 5 மீற்றர் தண்ணீர். குளத்துத் தண்ணீரல்லவா கூடுதலாக அமுக்கும்?" என்றான். "ஆம், குளம் எவ்வளவு பெரிது!" என்று சற்றும் சிந்தியாமல் விடையிறுத்தேன். அன்றிரவு அச்சூத்திரத்தை மீண்டும் நோக்கினேன். அதில் ஆழம் இருந்தது. அகலம் எங்கும் இல்லை.

மறுநாள் ஒரு பால்மாத் தகரத்திலும் பழைய பீப்பாயொன்றிலும் ஒரே ஆணியால் ஒரே உயரத்தில் துளையிட்டோம். இரண்டிலும் ஒரே மட்டத்திற்கு நீர் நிரப்பித் துளைகளைத் திறந்தோம். இரு தாரைகளும் ஒரே தூரத்திற் சென்று வீழ்ந்தன. தகரத்தின் தாரை விரைவிலே தளர்ந்தது உண்மைதான். அதன் நீர்மட்டம் இறங்கியதே காரணம். முதல்நாள் நான் கூறிய விடை பிழையென்பதை வகுப்பின் முன் ஒப்புக்கொண்டேன்.

அப்படியாயின் குளத்தின் நடுவிலுள்ள நீரின் பாரம் எங்கே போகிறது? அதற்கு நேர்கீழேயுள்ள நிலம் அதனைத் தாங்குகின்றது. துருசுக் கதவிற்கு அதனுடன் தொடர்பில்லை. கதவு அறிவது தனக்கு மேலே நீர்மட்டம் எவ்வளவு உயரத்தில் நிற்கின்றது என்பதை மட்டுமே. புரூஜ் நகரிற் பிறந்த சீமோன் ஸ்தெவின் 1586ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலேயே இதனை நிறுவியிருக்கிறார். அக்காலத்தவர்க்கும் இது நம்புதற்கரியதாகவே இருந்திருக்கும்.

எனினும் அம்மாணவனுடைய அச்சத்தை நான் முற்றாகத் தள்ளிவிடமாட்டேன். பரந்த குளத்திலே காற்று பேரலைகளை எழுப்பும். கட்டின் உட்புறத்திற் கல் பதிப்பது அதனாலேயே. கட்டு உடைந்தால் பெருங்குளமே பேரழிவைத் தரும். இவை அசையும் நீரின் செயல்கள். நிலைநீரின் அமுக்கம் வேறு.

இனி ஒரு கணக்கு. ஒரு சதுர மீற்றர் பரப்புள்ள நிமிர்ந்த கதவு. அதன் நடு, 5 மீற்றர் ஆழத்தில் உள்ளது. அதன்மீது நீர் செலுத்தும் விசை, ஏறத்தாழ 5,000 கிலோகிராம் நிறையுடைய பொருளின் பாரத்திற்குச் சமம். அவ்விசை கதவைச் சட்டத்தோடு இறுக்கிவிடுகிறது. கதவைத் தூக்கத் திருகாணித் தண்டும் சக்கரமும் வேண்டப்படுவது இதனாலேதான்.

நமது நாட்டின் பண்டைய பெருங்குளங்களின் துருசுகளிலே, கற்களாற் கட்டிய சதுரக் கிணறு போன்ற அமைப்பொன்று உண்டு. சிங்களத்தில் அது பிசோகொட்டுவ எனப்படும். நீர்ப்பாசனப் பொறியியலாளராகவிருந்த ஹென்றி பார்க்கர், 1909ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலில், வெளியேறும் நீரைக் கட்டுப்படுத்தும் கதவு இருந்த இடம் அதுவென விளக்கினார்.

அத்தவணை இறுதியில் மாணவரைக் குளக்கட்டிற்கு அழைத்துச் சென்றேன். துருசுக் காவலர் சக்கரத்தைச் சுழற்ற அனுமதித்தார். கேள்வி கேட்ட அதே மாணவன் முதலிற் பிடித்தான், அசையவில்லை. இருவர் சேர்ந்தபோது அரைச் சுற்று நகர்ந்தது.