நம்பரைக் கேட்டால் கொடுத்துவிடுவதா?

(கும்மிடிப்பூண்டியில் தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம் சிலருக்கு அற்பமாகத் தோன்றலாம். கைப்பேசிக்கு வரும் விளம்பரச் செய்தியைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று கேட்கலாம். சிப்காட்டில் இரவு ஷிப்டு முடித்துவிட்டுப் பகலில் கண் அயரும் தோழரை, "மனை வேண்டுமா? கடன் வேண்டுமா?" என்று ஒருவன் எழுப்புகிறான். அவனுக்கு அந்த உரிமையைக் கொடுத்தது யார் என்பதுதான் நமது கேள்வி.

சில மாதங்களுக்கு முன் நாம் ஒரு கடையில் செருப்பு வாங்கினோம். பணத்தை நீட்டினால், "நம்பரைச் சொல்லுங்கள்" என்றார் கல்லாவிலிருந்தவர். எதற்கென்று கேட்டோம். "நம்பர் போடாவிட்டால் பில் வராது" என்றார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கவே, நாமும் சொல்லிவிட்டு வந்தோம். ஒரு வாரத்திற்குள் கடன்காரன் வந்தான், மனைக்காரன் வந்தான், கடைசியில் ஜோசியனும் வந்தான்! செருப்புக்காரருக்கு நம் கால் அளவு தெரிந்தது நியாயம். ஜோசியனுக்கு நம் விலாசம் எப்படித் தெரிந்தது?

தோழர்களே! குற்றத்தில் பாதி நம்முடையது. மேஜைக்கு அந்தப் பக்கம் ஒருவன் உட்கார்ந்து கேட்டால், இந்தப் பக்கம் நிற்பவன் ஏன் என்று கேளாமல் கொடுக்கும் பழக்கம் நமக்கு நெடுநாளாய் ஊறிப்போய்விட்டது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நம்பர் கொடுக்கும்படி வாடிக்கைக்காரரைக் கடைக்காரர் வற்புறுத்தக்கூடாதென்று 2023-லேயே மத்திய நுகர்வோர் துறை அறிவுறுத்தியிருக்கிறது. அதை எந்தக் கல்லாவிலாவது எழுதி மாட்டியிருக்கக் கண்டீர்களா?

இனி சட்டத்தைப் பார்ப்போம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய் 2018-ல் ஒரு விதியும், 2025 பிப்ரவரியில் அதற்கொரு திருத்தமும் செய்தது. அதன்படி வியாபாரச் செய்தி அனுப்புகிறவர் தம் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டிப் பதிவு செய்யவேண்டும். அனுப்புகிறவர் பெயரின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். 'பி' என்றால் விளம்பரம். 'எஸ்' என்றால் சேவை. 'டி' என்றால் வரவு செலவு. 'ஜி' என்றால் சர்க்கார். விளம்பரச் செய்தியில் "இனி வேண்டாம்" என்று மறுக்க வழியும் இருக்கவேண்டும்.

ஆகவே, சாதாரணப் பத்திலக்க நம்பரிலிருந்து "உங்கள் பாங்கிலிருந்து" என்று செய்தி வந்தால் சந்தேகியுங்கள். ஆனால் எழுத்து இருப்பதாலேயே அனுப்பியவன் யோக்கியன் என்றும் நம்பிவிடாதீர்கள். முத்திரை குத்திய படியிலும் குறைத்து அளப்பவன் உண்டல்லவா?

விளம்பரமே வேண்டாமென்பவர்கள் 1909-க்கு ஆங்கில எழுத்தில் 'ஸ்டார்ட் 0' என்று அனுப்பினால் போதும். மீறி வந்தால், வந்த செய்தி, அனுப்பியவன் நம்பர், தேதி இவற்றோடு 7 நாட்களுக்குள் அதே 1909-க்குப் புகார் செய்யலாம். பணமே பறிபோயிருந்தால் தாமதமின்றி 1930-க்குக் கூப்பிடவேண்டும்.

இங்குள்ள சிறு வியாபாரத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. சாதாரண சிம் கார்டில் ஊராருக்கெல்லாம் விளம்பரம் அனுப்பி, புகார் நிரூபணமானால், முதல் தடவை 15 நாட்களுக்கு உங்களிடமிருந்து அழைப்பும் செய்தியும் வெளியே போகாமல் நிறுத்தப்படும். மறுபடியும் செய்தால் ஓராண்டுக்கு இணைப்பே போய்விடும்.

மின்னஞ்சல் விஷயம் வேறு. அமெரிக்காவில் விளம்பர அஞ்சலுக்கென்றே 2003-ல் சட்டம் செய்தார்கள். அனுப்புகிறவன் தன் விலாசத்தைச் சொல்லவேண்டும். வேண்டாமென்றால் பத்து வேலை நாட்களுக்குள் நிறுத்தவேண்டும். நம் நாட்டில் அப்படித் தனிச்சட்டமில்லை. ஆனால் 2023-ல் செய்யப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அஞ்சல், செய்தி இரண்டுக்கும் பொருந்தும். சம்மதம் தானாகக் கொடுத்ததாக இருக்கவேண்டும். எதற்கென்று தெரிந்து கொடுத்ததாக இருக்கவேண்டும். கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாயிருக்கவேண்டும் என்கிறது அச்சட்டம். அறிவிப்பைத் தமிழில் கேட்டுப் பெறவும் உரிமையுண்டு. விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. ஆனால் கம்பெனிகளின் முக்கியமான கடமைகளுக்கு மட்டும் அதிலிருந்து 18 மாதம் தவணை கொடுத்திருக்கிறார்கள். வீட்டு வாடகைக்கு நமக்கு 18 நாள் தவணை கொடுப்பார் உண்டா?

தோழர்களே! சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதாது. கேட்கிற வாய் நம்மிடம் இருக்கவேண்டும். மௌனம் சம்மதம் என்பது ஏமாற்றுகிறவன் செய்துகொண்ட பழமொழி. அடுத்த தடவை கல்லாவில் நம்பர் கேட்டால், "எதற்கு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் கொடுக்காதீர்கள். பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் அவருக்கும் காரணத்தைச் சொல்லுங்கள். அன்றைக்கு நாம் சொல்லத் தவறியதை நீங்களாவது சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறோம்.