ஆலோசகரிடம் நாம் என்ன கேட்க வேண்டும்?

(விழுப்புரம், திண்டிவனம் ஜமாஅத் நிர்வாகிகள், மகளிர் குழுவினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)





விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நம் மஹல்லாக்களில் குடும்பக் கணக்கெடுப்பு நடத்த இருக்கிறோம். படிப்பை நிறுத்திய பிள்ளை எந்த வீட்டில், மருந்துக்கு வழியில்லாதவர் எந்த வீட்டில் என்று தெரிந்தால்தான் ஜகாத்தும் கல்வி உதவியும் உரியவரைச் சேரும். கணக்கில் விடுபட்ட விதவைக்கு உதவியும் விடுபட்டுவிடும். இதற்கு வழிகாட்ட ஓர் ஆலோசகரை அமர்த்தலாம் என்று பேசி வருகிறோம். அவருடைய பின்னணியில் எதைப் பார்ப்பது?

மும்பையில் நடந்ததைப் பாருங்கள். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர் ஜோக்கின் அற்புதம், மும்பை போய்த் தச்சு வேலை பார்த்தவர். தாம் குடியிருந்த ஜனதா காலனி மக்களைத் திரட்டினார். 1976இல் அந்தக் காலனி இடிக்கப்பட்டு, மக்கள் சீத்தா கேம்புக்கு மாற்றப்பட்டார்கள். தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பல இன்றும் அங்கே வாழ்கின்றன. ஷீலா படேலோ சமூகப்பணி படித்தவர். 1984இல் மற்றவர்களுடன் சேர்ந்து ஸ்பார்க் அமைப்பைத் தொடங்கினார். உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் நடைபாதைக் குடிசைகள் இடிபடும் அச்சம் இருந்த 1985இல், அந்த மக்களையே சேர்த்துக்கொண்டு ஸ்பார்க் கணக்கெடுத்தது. பின்னர் மாற்று வீடு கேட்டு அரசிடம் பேச அந்தக் கணக்கு ஆதாரமானது. அற்புதமும் அவர்களும் கைகோத்தார்கள். 2000இல் அற்புதத்துக்கு மகசேசே விருது கிடைத்தது.

கல்லூரியில் படித்தவரும் வேண்டும், தெருவில் வாழ்ந்தவரும் வேண்டும் என்பதே இதில் நமக்குப் பாடம். ஒருவரே இரண்டுமாக இல்லாவிட்டால், ஆலோசகரோடு நம் ஆட்டோ ஓட்டுநரும் தையல் வேலை செய்யும் சகோதரியும் உட்கார வேண்டும்.

எனவே, வருகிறவரிடம் ஐந்து கேள்விகள் கேட்போம்.

முன்பு எந்த ஊரில், எவ்வளவு காலம் வேலை செய்தீர்கள்? அந்த ஊர்க்காரர்களிடம் நாங்கள் பேசலாமா?

ஆய்வின் முடிவை அந்த மக்களைக் கூட்டி வாசித்துக் காட்டினீர்களா?

பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டில் யார் போய்ப் பேசுவார்கள்?

உதவி பெறுவோரின் பெயர்ப் பட்டியல் யார் கையில் இருக்கும்? அது அமானிதம். வறுமை ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சும் குடும்பம் உண்மையைச் சொல்லாது.

அடுத்த முறை நீங்கள் வராமலே எங்கள் பிள்ளைகள் கணக்கெடுக்கும்படி கற்றுக்கொடுப்பீர்களா?

சான்றிதழ்களையும் பார்ப்போம். ஆனால் இந்த ஐந்துக்கும் தெளிவான பதில் தருபவரையே அமர்த்துவோம். கணக்கெடுக்க நம் வீட்டுக் கதவைத் தட்டும்போது, தயங்காமல் உள்ளே அழைத்துப் பேசுங்கள். வீட்டுக்கு ஒருவர் இந்த வேலையில் பங்கெடுங்கள், இன்ஷா அல்லாஹ்.