வெளிச்சத்தைக் கணக்குப் பார்த்துக் கேட்போம்
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



கிராம சபையில் நாம் "தெருவிளக்கு வேணும்" என்று கேட்கிறோம். விளக்கும் வருது. ஆனாலும் பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நடக்கிற பாதையில் பாதி இருட்டாகவே இருக்கு. ஏன்? எத்தனை வாட் என்று மட்டும் பார்க்கிறோம். வெளிச்சம் எவ்வளவு, எதுவரைக்கும் பரவுது என்று பார்ப்பதில்லை.

வாட் என்பது விளக்கு எடுத்துக்கொள்கிற கரண்ட். வெளிச்சத்தின் அளவுக்குப் பெயர் லூமன். பழைய 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை இப்போது 9 வாட் எல்.இ.டி. பல்பு தந்துவிடும். அது சுமார் 800 லூமன். பல்பு வாங்கும்போது அட்டையில் லூமனையும் பாருங்கள்.

அடுத்தது, பரவுகிற கோணம். ஒரு கரண்டி மாவை அப்படியே விட்டால் கெட்டியான ஊத்தப்பம், இழுத்துத் தேய்த்தால் மெல்லிசு தோசை. மாவு ஒரே அளவுதான். வெளிச்சமும் அப்படித்தான். 5 மீட்டர் உயரத்தில் நேராகக் கீழே பார்க்கிற விளக்கின் கோணம் 30 டிகிரி என்றால், தரையில் 3 மீட்டருக்கும் குறைவான அகலத்தில்தான் வெளிச்சம் விழும். 90 டிகிரி என்றால் 10 மீட்டர் அகலம். அதே விளக்கை இரண்டு மடங்கு உயரத்தில் மாட்டினால் நாலு மடங்கு இடத்தில் பரவும், ஆனால் தரையில் வெளிச்சம் கால் பங்காகிவிடும்.

"பெரிய ஃபோகஸ் லைட் ஒண்ணு போட்டா போதுமே" என்பார்கள். கண் கூசினால், பக்கத்து இருட்டில் நிற்கிற ஆளும் தெரியாது, காலடியில் கிடக்கிற பாம்பும் தெரியாது. பௌர்ணமி நிலா வெளிச்சம் ரொம்பக் குறைவுதான். ஆனால் எங்கும் ஒரே சீராக விழுவதால் தைரியமாக நடக்கிறோம். அதனால் ஒரே பெரிய விளக்கைவிட, கீழ்நோக்கிய சின்ன விளக்குகள் இடைவிட்டு இருப்பதே பாதுகாப்பு. மஞ்சள் சாயல் விளக்கென்றால் பூச்சியும் குறைவாக வரும்.

ஒவ்வொரு குழுவும் ஒன்று செய்வோம். வரும் அமாவாசை இரவு ஐந்து பேராகச் சேர்ந்து பாதையை நடந்து பார்ப்போம். கம்பத்துக்குக் கம்பம் எத்தனை எட்டு, கழிப்பறை, அடிபம்பு, பாலம் எங்கெல்லாம் இருட்டு என்று குறித்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 – இவை கிராம சபை நாட்கள். அடுத்து வரும் சபையிலேயே மனுவாகக் கொடுப்போம். "லைட் போடுங்க" என்றால் ஒரு லைட் வரும். "இந்த மூணு இடத்தில் இருட்டு" என்று எழுதிக் கொடுத்தால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.