கற்பிக்கும் கையும் பேணும் கையும்

(மகாவீரர் பிறந்தநாள் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் முன்னோர் தமிழுக்கு வழங்கிய அறநூல்களுள் இரண்டின் பெயரை முதலில் நினைவூட்ட விரும்புகிறேன். ஒன்று காரியாசானின் சிறுபஞ்சமூலம். மற்றொன்று கணிமேதாவியாரின் ஏலாதி. ஐந்து வேர்கள் சேர்ந்த மருந்து முன்னதன் பெயர். ஏலம் முதலாக ஆறு பொருள்கள் சேர்ந்த மருந்து பின்னதன் பெயர். நூலின் பெயர் மருந்து. உள்ளே இருப்பதோ பாடம். கற்பிப்பதையும் நோய் தீர்ப்பதையும் ஒரே பணியின் இரு முகங்களாக அவர்கள் கண்டிருந்தனர். நால்வகைத் தானங்களுள் ஔடத தானத்தையும் சாத்திர தானத்தையும் அருகருகே வைத்து எண்ணும் மரபு நம்முடையது. ஆதலின், ஆசிரியப் படிப்பையும் செவிலியர் படிப்பையும் ஒருசேர எடுத்துப் பேசுவது இம்மன்றத்திற்குப் பொருந்தும் என்று கருதினேன்.

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களிலிருந்து பணியின் பொருட்டுச் சேலம், நாமக்கல் சமவெளிக்கு வந்து குடியமர்ந்த நம் குடும்பங்களில் ஆசிரியர்க்குக் குறைவில்லை. நானும் ஆசிரியப் பயிற்சித் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் என் வீட்டிற்குப் பெற்றோர் பலர் வருவர். எந்தக் கல்லூரி, எவ்வளவு கட்டணம், எப்போது வேலை என்று மூன்று கேள்விகள் கேட்பர். நான்காவது கேள்வியை இதுவரை எவரும் கேட்டதில்லை: அங்கே என்ன படிப்பார்கள்? அந்தக் கேள்விக்குரிய விடையே இன்றைய என் உரை.

செவிலியர் இளநிலைப் பட்டம் நான்காண்டுப் படிப்பு. இந்திய செவிலியர் மன்றம் 2021இல் வெளியிட்ட திருத்திய பாடத்திட்டம் அதனை எட்டுப் பருவங்களாக வகுத்துள்ளது. முதற்பருவத்திலேயே உடற்கூறியலும் உடலியங்கியலும் மட்டுமன்றி உளவியலும் சமூகவியலும் வருகின்றன. அடுத்து உயிர்வேதியியல், ஊட்டச்சத்து, நுண்ணுயிரியல், மருந்தியல், நோய்க்குறியியல் ஆகியவை. பின்னர் முதியோர், குழந்தைகள், மனநலம், மகப்பேறு, சமுதாய நலம் எனத் துறைவாரியான பாடங்கள். ஐந்தாம் பருவத்தில் பலரும் எதிர்பாராத ஒரு பாடம் உண்டு: கல்வித் தொழில்நுட்பமும் செவிலியக் கல்வியும். நோயாளிக்கும் குடும்பத்திற்கும் எவ்வாறு கற்பிப்பது என்பதை அங்கே படிக்கின்றனர். எட்டாம் பருவம் முழுவதும் மருத்துவமனையிலும் சமுதாயத்திலும் பெறும் உள்ளுறைப் பயிற்சி, இருபத்திரண்டு வாரங்கள்.

ஆசிரியர் பக்கம் வருவோம். பட்டப்படிப்பு முடித்தோர் பயிலும் பி.எட். படிப்பு, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளால் இரண்டு ஆண்டுகளாக்கப்பட்டது. குழந்தைப் பருவமும் வளர்ச்சியும், கற்றலும் கற்பித்தலும், சமகால இந்தியாவும் கல்வியும், அனைவரையும் உள்ளடக்கிய பள்ளி என்பன போன்ற பாடங்களோடு, தத்தம் பாடத்தைக் கற்பிக்கும் முறையும் அதில் அடங்கும். உடல்நலமும் உடற்கல்வியும் அங்கு உண்டு. இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்துக் குறைந்தது இருபது வாரங்கள் பள்ளிகளில் பயிற்சி பெற வேண்டும். அவற்றுள் பதினாறு வாரங்கள் இரண்டாம் ஆண்டில் வருகின்றன.

இவ்விரு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். செவிலியர் கற்பிக்கக் கற்கிறார். ஆசிரியர் உடல்நலம் கற்கிறார். இருவரும் உளவியலையும் சமுதாயத்தையும் கற்கின்றனர். செவிலியர் எழுதும் பராமரிப்புத் திட்டத்தில் ஐந்து படிகள் உள்ளன: நிலையை அறிதல், சிக்கலை இனங்காணல், திட்டமிடல், செயற்படுத்தல், மதிப்பிடல். ஆசிரியர் எழுதும் பாடக்குறிப்பும் ஏறக்குறைய இதே வரிசையில் செல்கிறது: மாணவர் முன்னரே அறிந்தது என்ன, இன்று அடைய வேண்டியது என்ன, அதற்குச் செய்யும் செயல் யாது, அடைந்தனரா இல்லையா. இரண்டு படிப்புகளும் கற்றுத்தருவது, எதிரில் இருக்கும் ஒருவரை உற்றுநோக்கி, கண்டதைக் கண்டவாறே எழுதி, எழுதியதற்கேற்பச் செயற்படும் ஒழுக்கத்தையே. பழந்தமிழ் இலக்கியத்தில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்து, பேணி, நல்லன சொல்லித்தரும் தாய். அந்தப் பெயரையே இன்று இப்பணிக்கு வழங்குகிறோம்.

இவ்வொழுக்கம் நூலால் மட்டும் வருவதன்று. ஆதலால்தான் விதிமுறைகள் பயிற்சியைத் தேர்வுக்கு மேலாக வைக்கின்றன. பி.எட். வகுப்புகளுக்கு எண்பது விழுக்காடு வருகை போதும். பள்ளிப் பயிற்சிக்கோ தொண்ணூறு விழுக்காடு வேண்டும். செவிலியர் படிப்பில் பருவத் தேர்வு எழுத எண்பது விழுக்காடு வருகை போதும். பட்டம் பெறுவதற்கு முன் ஒவ்வொரு செய்முறைப் பகுதியிலும் நூறு விழுக்காட்டை நிறைவு செய்தாக வேண்டும். விடுபட்ட நாளை ஈடுசெய்தே தீர வேண்டும் என்பது இதன் பொருள்.

விதி அவ்வாறு இருக்க, நடைமுறை எவ்வாறு இருக்கிறது? இங்கே என் குற்றமொன்றை ஒப்புக்கொள்ள வேண்டியவனாக இருக்கிறேன்.

பயிற்சி மாணவர் ஒவ்வொருவரும் தம் வகுப்பிலுள்ள ஒரு குழந்தையைத் தேர்ந்து, சில வாரங்கள் கவனித்து, தனியாள் ஆய்வு எழுதித் தருவது வழக்கம். ஓராண்டு இறுதியில் என் மேசையில் அறுபதுக்கும் மேற்பட்ட பதிவேடுகள் குவிந்திருந்தன. ஒரு மாணவியின் ஆய்வு மிக அழகான கையெழுத்தில் இருந்தது. படித்துக்கொண்டே வந்தபோது அந்தக் குழந்தையை எனக்குத் தெரியும் என்று உணர்ந்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாணவர் எழுதிய அதே குழந்தை; அதே தந்தை, அதே தறிக்கூடம், அதே திக்குவாய். அக்குழந்தையின் குடும்பம் அதற்குள் ஊரைவிட்டே சென்றுவிட்டது. பழைய பதிவேட்டைப் பார்த்துப் படியெடுத்திருக்கிறாள். திருப்பிக் கொடுத்தால் தேர்வுக்கு அனுப்புவது தடைப்படும். தந்தை கடன் வாங்கிப் படிக்க வைக்கிறார். நான் கையொப்பமிட்டேன்.

அன்று இரக்கம் என்று எண்ணிச் செய்தேன். ஆயினும் அந்த வாரங்களில் அவள் முன் நாற்பது குழந்தைகள் அமர்ந்திருந்தனர். அவர்களுள் ஒருவரையேனும் அவள் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் அப்பணி வைக்கப்பட்டது. அவர்களுள் எவரையும் அவள் பார்க்காமலேயே பட்டம் பெற்றாள். அதற்கு நான் சான்றளித்தேன். ஓய்வு பெற்று ஆண்டுகள் சென்றும் அந்தக் கையொப்பம் என் நெஞ்சில் உறுத்துகிறது.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் ஒன்று உண்டு. இராசிபுரம் பக்கத்துச் சிற்றூர்ப் பள்ளியொன்றில் பயிற்சி மாணவர் ஒருவரின் வகுப்பைப் பார்வையிடச் சென்றிருந்தேன். ஏழாம் வகுப்பில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி நாள்தோறும் காலை இரண்டாம் பாடவேளையில் உறங்கிவிடுவாள். வகுப்பாசிரியர் அவளைச் சோம்பேறி என்றே முடிவு செய்திருந்தார். பயிற்சி மாணவர் மூன்று வாரம் தொடர்ந்து நேரத்தைக் குறித்து வைத்திருந்தார். படியேறும்போது அவளுக்கு மூச்சு வாங்குகிறது, நகக்கண்கள் வெளுத்திருக்கின்றன என்றும் எழுதியிருந்தார். "ஐயா, இது கவனக்குறைவு அன்று என்று தோன்றுகிறது" என்றார். தலைமையாசிரியர் வழியாக ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சொல்லி அனுப்பினோம். இரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.6 கிராம் இருந்தது. அவ்வயதினர்க்கு 12 கிராமுக்குக் குறைந்தாலே இரத்தசோகை எனப்படும்.

மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். அச்சமயம் சமுதாய நலப் பயிற்சிக்காக அந்நிலையத்திற்கு வந்திருந்த செவிலியர் மாணவி ஒருத்தி, கிராம சுகாதார செவிலியருடன் சிறுமியின் வீட்டிற்குச் சென்றாள். படங்கள் வரைந்த அட்டையைக் காட்டி, இரும்புச்சத்தைப் பற்றித் தான் மனப்பாடம் செய்திருந்ததையெல்லாம் சொன்னாள். சிறுமியின் பாட்டி பொறுமையாகத் தலையசைத்தார். மறுவாரம் சென்றபோது மாத்திரை அட்டையில் இரண்டு மட்டுமே குறைந்திருந்தன.

அவள் அட்டையைப் பைக்குள் வைத்துவிட்டுத் திண்ணையில் அமர்ந்தாள். காலையில் என்ன உண்பீர்கள், எப்போது மாத்திரை கொடுத்தீர்கள் என்று கேட்டாள். "விடிஞ்சா காப்பித்தண்ணியோடதான் கண்ணு குடுத்தேன். ரெண்டாம் நாளு கருப்பாப் போச்சுன்னா. பயந்து போய் நிறுத்திட்டேன்" என்றார் பாட்டி. மலம் கறுப்பது அம்மாத்திரையின் இயல்பு, தீங்கன்று என்பதையும், காப்பியும் தேநீரும் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும் என்பதையும், நெல்லிக்காயோ எலுமிச்சையோ அதற்குத் துணைசெய்யும் என்பதையும் அப்போதுதான் அவள் சொன்னாள். மாத்திரை இரவு உணவுக்குப் பிறகு என்று மாறியது. முருங்கைக்கீரை கொல்லையிலேயே இருந்தது. சில மாதங்களில் அளவு உயர்ந்தது. அச்சிறுமி வகுப்பில் முதலிடம் பெற்றாள் என்று நான் சொல்லப்போவதில்லை. இரண்டாம் பாடவேளையில் விழித்திருந்தாள், அதுவே பெரிது.

ஆசிரியர் மாணவர் செவிலியரைப் போல் உற்றுநோக்கினார். செவிலியர் மாணவி ஆசிரியரைப் போல் கேட்டு, பிறகு கற்பித்தாள். பாடத்திட்டம் எதற்காக அவ்வாறு வகுக்கப்பட்டுள்ளது என்பதை நான் முழுமையாக உணர்ந்தது அன்றுதான். 2021இல் நம் மாநிலத்தில் மக்களைத் தேடி மருத்துவம், இல்லம் தேடிக் கல்வி என இரண்டு திட்டங்கள் சில மாத இடைவெளியில் தொடங்கப்பெற்றன. இரண்டும் வீட்டு வாசலுக்குச் செல்பவை. குமாரபாளையத்து விசைத்தறிக் குடியிருப்பிலும் கொல்லிமலைச் சிற்றூரிலும் வாசலில் நின்று பேசத் தெரிந்தவர்களே இனி நமக்குத் தேவை.

பெற்றோர்க்குச் சில செய்திகள். முதலாவது, படிப்பைத் தேர்வதற்கு முன் தகுதியை அறிந்துகொள்ளுங்கள். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்க பி.எட். பட்டம் தகுதியாகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தீர்ப்பளித்துள்ளது. அவ்வகுப்புகளுக்குத் தொடக்கக் கல்விக்குரிய பட்டயப் படிப்பு வேண்டும். எட்டாம் வகுப்பு வரை கற்பிப்போர் ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேற வேண்டும். செவிலியர் பட்டப்படிப்புக்கு மேல்நிலையில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்றிருக்க வேண்டும். பட்டம் பெற்றபின் தமிழ்நாடு செவிலியர் மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, கல்லூரியைப் பார்க்கச் செல்லும்போது கட்டடத்தைப் பார்த்தது போதும்; பயிற்சி எங்கே என்று கேளுங்கள். எந்த மருத்துவமனை, எத்தனை படுக்கைகள், உடன் வரும் ஆசிரியர் யார்? எந்தப் பள்ளி, வாரத்திற்கு எத்தனை பாடவேளை? நம் பகுதியில் குமாரபாளையம் அரசு கல்வியியல் கல்லூரி உள்ளது. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி 1986 முதலும், நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 முதலும் இயங்குகின்றன. வருகை வேண்டியதில்லை, தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும் என்று எவரேனும் சொன்னால், அது சலுகை என்று மகிழாதீர்கள். உங்கள் பிள்ளையின் கல்வியில் மிகச் சிறந்த பகுதியை எடுத்துவிட்டு மீதிக்கு விலை சொல்கிறார்கள். அத்தகைய பட்டம் பெற்ற செவிலியர் நம் தாயின் படுக்கை அருகே நிற்பதை நாம் விரும்புவோமா?

மூன்றாவது, அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை பயின்ற பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது. 2014இல் சமணர் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டுள்ளதால், அவ்வவ்வாண்டில் அறிவிக்கப்படும் சிறுபான்மையினர் உதவித்தொகைகளையும் கவனித்து விண்ணப்பியுங்கள்.

அறக்கட்டளைக்கு ஒரு வேண்டுகோள். நாம் வழங்கும் கல்வி உதவி பெரும்பாலும் சேர்க்கைக் கட்டணத்தோடு முடிந்துவிடுகிறது. பிள்ளைகள் தளர்வது பயிற்சி வாரங்களில்தான். விடியற்காலைப் பேருந்து, வெளியூர்ப் பள்ளி, இரவுப் பணி, நேரத்திற்கு உணவின்மை. அந்த வாரங்களுக்கெனப் பேருந்துச் செலவும் உணவும் தனியே ஒதுக்குங்கள். குடும்பத்தாரும், உறவினர் திருமணத்திற்காகப் பயிற்சி நாளை விடச் சொல்லாதீர்கள்.

வந்தவாசிக்கு அருகில் வேடால் என்னும் ஊரில், முதலாம் ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கனகவீரக் குரத்தியார் என்னும் பெண் ஆசிரியரையும் அவர்தம் மாணாக்கியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஊரார் ஏற்றுக்கொண்டதை அது கூறுகிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் நம் ஊரார் செய்ததையே மீண்டும் செய்யுமாறு கேட்கிறேன்.

இளையோரே, உங்கள் பதிவேட்டில் நீங்கள் எழுதும் குழந்தையும் நோயாளியும் உண்மையாக இருக்கட்டும். நீங்கள் கண்டவரை மட்டும் எழுதுங்கள், எழுதியவரை மறவாதீர்கள். அறம் வளர்க.