கபடிக் கால்களுக்கு இன்னொரு களம்

புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் நின்றுகொண்டு ரக்பி என்று சொன்னால், "அது என்ன ஆட்டம்?" என்றுதான் கேட்பார்கள். முட்டை வடிவப் பந்து, கையில் ஏந்தி ஓடலாம், முன்னால் வீசக் கூடாது, பின்னால் வருபவருக்குத்தான் கொடுக்க வேண்டும். இப்போதைக்கு இவ்வளவு போதும். நான் சொல்ல வருவது வேறு. இந்தியாவுக்காக ரக்பி ஆட ஒரு பெண் பணக்கார வீட்டில் பிறந்திருக்க வேண்டியதில்லை, சிறுவயதிலிருந்தே இந்தப் பந்தோடு வளர்ந்திருக்கவும் வேண்டாம். வேறு ஆட்டத்தில் பழகிய கால் இருந்து, பள்ளி வயதில் ஒரு மைதானமும் கிடைத்தால் போதும்.

சாட்சி வேண்டுமென்றால் இந்திய அணியையே பாருங்கள். பீகாரில் பாட்னா மாவட்டத்துப் பெண் ஸ்வீட்டி குமாரி, முதலில் ஓட்டப்பந்தயத்தில் ஓடியவர். அந்த வேகம்தான் அவரை ரக்பிக்குக் கொண்டுவந்தது. ஒடிசாவின் சுமித்ரா நாயக், புவனேஸ்வரத்தில் பழங்குடிப் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளியில் படிக்கும்போது இந்தப் பந்தைத் தொட்டவர். அந்தச் சுமித்ராவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல அனுமதியுங்கள், நேரம் போனாலும் பரவாயில்லை. பதினைந்து பேர் ஆடும் ரக்பியில் நம் பெண்கள் முதல் சர்வதேசப் போட்டிக்கு இறங்கியதே 2018இல்தான். சிங்கப்பூரிடம் தோற்றார்கள். மறுவருடம் ஜூன் மாதம், மணிலாவில் மறுபடியும் அதே சிங்கப்பூர். ஆட்டம் முடியப் போகிறது, நாம் ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறோம். பெனால்டி கிடைக்கிறது. பந்தை நிறுத்திவைத்து உதைக்க வேண்டும். மூன்று மீட்டர் உயரத்தில் குறுக்குக் கம்பி, இரண்டு கம்பங்களுக்கும் நடுவே ஆறு மீட்டர்கூட இல்லாத இடைவெளி. அதற்குள் பந்து போனால் மூன்று புள்ளி. சுமித்ரா உதைத்தார், பந்து போனது. 21க்கு 19. பதினைந்து பேர் ரக்பியில் இந்தியப் பெண்களின் முதல் சர்வதேச வெற்றி அது. உதைத்தவருக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை.

"பொம்பளைப் பிள்ளைக்கு இந்த முரட்டு ஆட்டம் எதற்கு, கை கால் போய்விட்டால்?" என்று வீட்டில் கேட்பீர்கள். நியாயமான பயம்தான், அடி படுகிற ஆட்டம்தான். ஆனால் நம் ஊர்களில் பெண்கள் ஆடுகிற கபடியில் கணுக்கால் பிடியும் தொடைப் பிடியும் இடுப்புப் பிடியும் இல்லையா? நான்கு பேர் சேர்ந்து ஒருத்தியை அமுக்குவதைத் திருவிழாவில் கைதட்டிப் பார்க்கிறோமே! ரக்பியில் தோளுக்கு மேலே பிடித்தால் தண்டனை, பந்து இல்லாதவரைப் பிடித்து வீழ்த்தினாலும் தண்டனை. தாழ்ந்து பாய்ந்து காலைச் சேர்த்துப் பிடிப்பது கபடிப் பெண்ணுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டிய பாடமல்ல. பந்தைப் பின்னால் வீசுவதைத்தான் புதிதாகப் படிக்க வேண்டும். வெள்ளைக்காரன் ஆட்டம் என்று தள்ளுபவர்களுக்குப் பதில் சொல்லவே வேண்டாம், கிரிக்கெட் மட்டும் குற்றாலத்திலா பிறந்தது?

பிழைப்புக்கு என்ன வழி என்ற கேள்விதான் கனமானது. அதை நான் மழுப்ப மாட்டேன். இங்கிலாந்தில் 2019 முதல் பெண்களுக்கு முழுநேரச் சம்பள ஒப்பந்தம் உண்டு. 2025 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை லண்டனில் 81 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நேரில் பார்த்தார்கள். இந்தியாவில் அந்த நிலை இல்லை. நம் அணிக்குத் தலைமை தாங்கிய புனேக்காரர் வாபிஸ் பரூச்சா பிசியோதெரபிஸ்டாகவும் வேலை பார்த்தவர். அதனால் படிப்பை விட்டுவிட்டு ரக்பிக்குப் போ என்று எந்தப் பிள்ளைக்கும் நான் சொல்லமாட்டேன். படிப்பும் ஆட்டமும் சேர்ந்தே போகலாம் என்பதற்கு அவரே ஆதாரம். ஒலிம்பிக்கில் ஏழு பேர் ரக்பி 2016 முதல் இருக்கிறது, ஒரு பாதி ஏழே நிமிடம். பெரிய ஆள்பலமும் அதற்குத் தேவையில்லை.

நேரம் ஆகிவிட்டது. கேட்டுக்கொண்டிருக்கும் தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பத்தாம் வகுப்புப் பெண்களின் பி.டி. பீரியடைத் தயவுசெய்து கணக்கு வாத்தியாருக்குக் கொடுத்துவிடாதீர்கள்.